தெருவுக்கு எடுத்த பாராட்டு விழா

நல்லமங்கலம் தந்தி ஆபீஸ் தெரு பேசத் தொடங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பால்காரர் போன பிறகு, பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னால், கோமதிநாயகம் தன் தங்கை செண்பகவல்லியின் கையை நடுத்தெருவில் விட்டுவிட்டு, இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தராத ஒருவனோடு சண்டை போடப் போயிருந்த நேரத்தில். செண்பகத்துக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. கூட்டுறவுப் பண்டகசாலை அலுவலகத்தில் போன் எடுக்கும் வேலைக்கு அவள் போவதும் வருவதும் அண்ணன் கையைப் பிடித்துத்தான். அன்றைக்கு அந்தக் கை இல்லை, அண்ணன் குரல் மட்டும் எங்கோ தள்ளி நின்று யாருடைய அப்பாவையோ திட்டிக்கொண்டிருந்தது, அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, விளையாட்டில் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்க்கு வேறொன்றும் வராமல், "பார்" என்றாள். உடனே தெரு சொன்னது: "முன்னால் சாக்கடை. மூடி இல்லை. வலது பக்கம் வழி."

ஆண் குரலும் இல்லை, பெண் குரலும் இல்லை, கொஞ்சம் தூசி படிந்த குரல். செண்பகம் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வலது பக்கமாகப் போனாள். சண்டையில் ஜெயித்துத் திரும்பிய கோமதிநாயகம் தங்கையைக் காணாமல் தெரு முழுக்கக் கத்திக்கொண்டு ஓடியபோது அவள் அலுவலகத்தில் இரண்டாவது போனை எடுத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

விளையாட்டு என்று சொன்னேனே, அதைச் சொல்லிவிடுகிறேன். படம் ஓடுகிற விளையாட்டு இல்லை அது. பார்வையில்லாதவர்களுக்காகச் செண்பகம் கட்டிய கதை விளையாட்டு. போன் வாசித்துக் காட்டும்: நீங்கள் ஒரு குகையில் நிற்கிறீர்கள், முன்னால் கிணறு, வடக்கே கதவு. நீங்கள் ஒரு சொல் சொல்ல வேண்டும். பார், போ, நில், தேடு, யார். அவ்வளவுதான், விரல்விட்டு எண்ணிவிடலாம். போன் அதைக் கேட்டுக்கொண்டு அடுத்து நடந்ததைச் சொல்லும், விளங்காத எதையாவது சொன்னால் "அது எனக்குப் புரியவில்லை" என்று நேர்மையாகச் சொல்லிவிடும். இப்படி அவள் கட்டிய அரண்மனைகளிலும் காடுகளிலும் விருதுநகரிலிருந்து தென்காசி வரை எத்தனையோ பேர் தனியாக, யார் கையையும் பிடிக்காமல், திரிந்துகொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவன் சாத்தூர் உலகநாதன், அரசுப் பள்ளியில் வரலாற்று வாத்தியார். அவனுக்கும் பார்வை கிடையாது, வாய் மட்டும் உண்டு. ஒருநாள் செண்பகத்துக்குக் குரல் அனுப்பினான். "மேடம், உங்க அந்தப்புரத்துல மல்லிகைப் பந்தல் இருக்கு, பளிங்குத் தரை இருக்கு, குளிர்ந்த காத்து அடிக்குதுன்னு எல்லாம் சொல்லிட்டுக் கடைசியில பாம்பு இருக்குன்னு சொல்லுதீங்க. நான் மல்லிகையை ரசிச்சுட்டு இருக்கையிலயே அது கடிச்சிருச்சு." செண்பகம் சிரித்துச் சிரித்துப் புரையேறி, அன்றைக்கே தன் எல்லா அறைகளையும் பிரித்து மறுபடி கட்டினாள். ஆபத்து முதலில், வழி அடுத்தது, அழகு கேட்டால் மட்டும். இப்படித்தான் அவர்களுக்குள் பழக்கம் வந்தது. பழக்கம் என்று ஊர் சொல்லும், நான் காதல் என்றே சொல்கிறேன்.

தெரு இதையெல்லாம் எப்படிக் கற்றுக்கொண்டது என்று யாரும் ரொம்பக் குடையவில்லை. செண்பகம் வருஷக்கணக்காக அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அதே தெருவில் நடக்கும்போது தன் அறைகளை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள், அது தெருவின் காதில் விழுந்திருக்கும் என்று அவளே நினைத்தாள். நகராட்சி என்ஜினீயர் வந்து ஓர் இடத்தைத் தோண்டிப் பார்த்து, உள்ளே உடைந்த குழாய் மட்டும் இருப்பதைக் கண்டு, அதைச் சரிசெய்யாமல் மூடிவிட்டுப் போனார். இன்ஸ்பெக்டர் ஊரும் பேரும் விசாரித்தார், "அது எனக்குப் புரியவில்லை" என்றது தெரு. முனையில் ஒருவர் மாலை போட்டார், ஒருவர் மெழுகுவத்தி ஏற்றினார், ஒருவர் ஊதுவத்தி கொளுத்திவைத்தார், மூன்று பேருக்கும் நடுவே சின்ன உரசல் வரும் போலிருந்தது, அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கமாக வந்த செண்பகம் "பார்" என்று சொல்ல, "முன்னால் வாழைப்பழத் தோல். வழுக்கும்" என்றது தெரு, அதோடு மூவரும் வீட்டுக்குப் போனார்கள். அப்புறம் அது குழாய்த் தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. டியூஷன் முடிந்து வரும் பெண்பிள்ளைகள் தெருமுனையில் நின்று "யார்" என்று கேட்டு, நிற்பது எவன் என்று தெரிந்துகொண்டு வந்தார்கள். டீக்கடை மூக்கையா தொலைந்த கண்ணாடியைத் "தேடு" என்று சொல்லி, அது தன் தலையிலேயே இருப்பதைத் தெரு வாயால் கேட்டுக்கொண்டார். குடித்துவிட்டு வருகிறவர்களை எல்லாம் அது வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டது, கதவு உள்ளே தாழ் போட்டிருந்தால் அதையும் சொன்னது.

ஆனால் தெரு யாருக்கு உயிர் கொடுத்தது என்றால், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்தவர்களுக்குத்தான். செண்பகத்தின் விளையாட்டில் திரிந்தவர்கள் ஒருவர் சொல்லி ஒருவர் கேள்விப்பட்டு வந்தார்கள். அம்மாவோ தம்பியோ மனைவியோ கையைப் பிடித்துத் தெருமுனை வரை கூட்டி வருவார்கள், மூக்கையா கடை பெஞ்சில் உட்காருவார்கள், வந்தவர் கையை விடுவித்துக்கொண்டு "பார்" என்று சொல்லித் தெருவுக்குள் தனியாக இறங்குவார். போவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஒரு தையல் கடை, ஒரு மாவு மில், பூட்டிக் கிடக்கும் தந்தி ஆபீஸ், ஒரு வேப்பமரம். அந்த முனை வரை போய்த் திரும்பி வருவார்கள், மறுபடி போவார்கள், சும்மா போவார்கள், வேகமாகப் போவார்கள், அறுபது வயதுக்காரர் ஒருவர் ஓடியே பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாவது வாரம் அழுதார்கள், மூன்றாவது வாரம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் டீ மேல் டீயாகக் குடித்தார்கள்.

உலகநாதனைக் கூட்டி வருவது அவன் அம்மா பிச்சம்மாள். மகனின் மணிக்கட்டை, பிடித்த பிடி விடாமல், சாத்தூரிலிருந்து பிடித்துக்கொண்டு வருவாள். அதுவரை உலகநாதனும் செண்பகமும் நேரில் பேசியதெல்லாம் அந்தப் பக்கம் பிச்சம்மாளும் இந்தப் பக்கம் கோமதிநாயகமும் நிற்க, வெயிலைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும்தான். போனில் பேசினாலும் ஒற்றை அறை வீட்டில் பக்கத்தில் ஓர் ஆள் இருக்கத்தான் செய்யும். எழுதியும் பேசிக்கொண்டார்கள், ஆனால் எழுதுவது வேறு, பக்கத்தில் நடப்பது வேறு. தெரு பேச ஆரம்பித்த பிறகுதான் அந்த இரண்டு பேரும் மூன்றாவது காது இல்லாமல் சேர்ந்து நடந்தார்கள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது, தெருவுக்குத் தெரியும், ஆனால் விரல்விட்டு எண்ணும் அந்தச் சொற்களில் எதைக் கொண்டும் அதை அதனிடம் கேட்க முடியாது. மாவு மில் பக்கம் போகும்போது அவன் சிரிப்பது மட்டும் பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

"எங்க வீட்டுல இப்படிச் சிரிச்சதே இல்ல தம்பி" என்றாள் பிச்சம்மாள்.

"எம் பொழப்பைப் பாருங்கக்கா" என்றான் கோமதிநாயகம். "காலையில எந்திச்சா கை சும்மா இருக்கு. அவ பாட்டுக்குக் கிளம்பிப் போயிடுதா. நான் ஒருத்தன் எதுக்கு இருக்கேன்னு இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் அந்தக் குறை அவன் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் வார்டு கவுன்சிலர் திருமலைக்கொழுந்து தெருவைச் சந்திக்க வந்தார். மனுஷர் கெட்டவர் இல்லை, மேடைப்பேச்சில் மட்டும் கொஞ்சம் கிறுக்கு. சால்வையைச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "தென்பாண்டிச் சீமையின் திருமுகமாய்த் திகழும் தெருவே, நின் திருவாய் மலர்ந்து எம் வட்டத்தின் வளங்களை எடுத்தியம்ப மாட்டாயா?" என்றார்.

"அது எனக்குப் புரியவில்லை" என்றது தெரு.

மூக்கையா சிரிப்பை அடக்கப் போய்ப் பால் பாத்திரத்தைக் கவிழ்த்தார். கவுன்சிலரும் சிரித்தார், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லை. கண்ணு தெரியாத ஒரு பெண்பிள்ளை ஒற்றைச் சொல் சொன்னால் விளங்குகிறது, இருபது வருஷம் மேடை கண்ட தன் பேச்சு விளங்கவில்லை என்றால் தெருவுக்குத்தான் ஏதோ குறை, அதைக் கவனிப்பார் இல்லாமல் விட்டிருக்கிறோம், நாலு நல்ல சொல் அதன் காதில் விழ வேண்டாமா என்று யோசித்து, தெருவுக்கும் செண்பகவல்லிக்கும் சேர்த்து ஒரு பாராட்டு விழா எடுப்பது என்று முடிவுசெய்தார். நம் ஊரில் ஒன்று உருப்படியாக நடந்தால் அதற்குப் பாராட்டு விழா எடுக்காமல் நமக்குத் தூக்கம் வராது.

கோமதிநாயகம் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தான். விழாவுக்கு மைக் செட் அவன்தான் என்று சொல்லவும் வேண்டுமா? முனைக்கு முனை கம்பம் நட்டுக் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது என்று ஏற்பாடு. செண்பகம் அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அண்ணனிடம் பேசினாள்.

"அண்ணே, இந்த விழா வேண்டாம். நீ முடியாதுன்னு சொல்லிரு."

"ஏட்டி, உனக்குத்தான் பொன்னாடை போத்தப் போறாவ. எத்தனை பேருக்கு நான் மைக் போட்டிருக்கேன், என் தங்கச்சிக்கு ஒருநாள் போட வேண்டாமா?"

"அது காதுல விழுறதத்தான் கத்துக்கிடும். நான் அளந்து அளந்து பேசுனதக் கேட்டுத்தான் அப்படிப் பேசுது. இவங்க பேசுறத நாள் முழுக்க ஸ்பீக்கர்ல கேட்டா அதுக்கு என்ன ஆகும்?"

"நாலு வார்த்தை கூடுதலாக் கத்துக்கிட்டுப் போகுது. குறைஞ்சா போகும்?"

"எனக்குப் பொன்னாடை வேண்டாம்ணே. நடக்க விட்டாப் போதும்."

கோமதிநாயகத்துக்கு அவள் சொன்னது விளங்கியது. விளங்காமல் இல்லை. ஆனால் நடக்க விடு என்று அவள் கேட்டது, இத்தனை வருஷமாக அவன் கையே அவளைக் கட்டிப் போட்டிருந்தது என்பது போல அவனுக்கு ஒலித்தது. எழுந்துபோய் ஒயர் சுற்ற ஆரம்பித்தான்.

விழா காலையில் தொடங்கி விளக்கு வைத்த பிறகும் நடந்தது. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலையுரை, வாழ்த்துரை, பாராட்டுரை, சிறப்புரை, ஒவ்வொன்றிலும் பேசுகிறவர் மேடையில் இருக்கும் அத்தனை பேரையும் பட்டத்தோடு விளித்துவிட்டு, விட்டுப்போன ஒருவருக்காக மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். குழாய் ஸ்பீக்கர்கள் அத்தனையையும் வாங்கித் தெருவின் மேல் கொட்டின. செண்பகத்துக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள், அவள் "நன்றி" என்று சொல்லி உட்கார்ந்தாள், அந்த நன்றிக்குள் என்னென்ன இருக்கிறது என்று கவுன்சிலர் நெடுநேரம் விளக்கினார். நன்றியுரை முடிந்து கூட்டம் கலைந்ததும் கோமதிநாயகம் ஸ்பீக்கரை இறக்கினான், கம்பங்களைப் பிடுங்கினான். கம்பம் நட்ட குழிகளை மூடவில்லை. குழி தோண்டுவது விழாக்காரர்கள் வேலை, மூடுவது யார் வேலை என்று நல்லமங்கலத்தில் இன்றுவரை யாரும் பேசி முடிவெடுத்ததில்லை.

மறுநாள் காலை செண்பகம் தெருமுனையில் நின்று "பார்" என்றாள்.

"பெருமதிப்பிற்கும் பேரன்பிற்கும் உரிய" என்று தொடங்கியது தெரு. "மாதர்குல மாணிக்கம், அகக்கண் அரசி, அருமைச் சகோதரி செண்பகவல்லி அவர்களே, தேநீர்த் திலகம் மூக்கையா அவர்களே, தையற்கலைத் தென்றல் பரமேஸ்வரி அம்மையார் அவர்களே." அது தெருவில் இருந்த ஒருவரையும் விடவில்லை. எல்லோரையும் விளித்து, எல்லோருக்கும் கனிந்த வணக்கம் சொல்லி, கிடைத்த வாய்ப்புக்கு நன்றி சொல்லி முடித்துத்தான், "முன்னால் மாடு" என்றது. அதற்குள் மாடு செண்பகத்தின் கூடையிலிருந்த கீரையைத் தின்று முடித்திருந்தது.

ஊர் மகிழ்ந்துபோயிற்று. அதைச் சொல்லாமல் விட முடியாது. திலகம் என்று யாராவது தன்னைக் கூப்பிட்டு மூக்கையா கேட்டதில்லை, கடைக்கு வெளியே வந்து நின்று மறுபடி மறுபடி "பார்" என்று சொல்லிக் கேட்டார். தையல்கார பரமேஸ்வரி புருஷனைக் கூட்டி வந்து கேட்க வைத்தாள். பக்கத்துத் தெருக்காரர்கள் பட்டம் வாங்குவதற்காகவே இந்தத் தெரு வழியாகச் சுற்றிப் போனார்கள். செண்பகம் வீடு வீடாகப் போய், தெருவிடம் இனி யாரும் நீட்டி முழக்கிப் பேசாதீர்கள், விழாவில் கற்றதை அது மறந்தாலும் மறந்துவிடும் என்று கேட்டபோது எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள்.

"உனக்கென்னம்மா, நாங்க இத்தனை பேர் இருக்கோம். ஒரு குரல் குடு, கையைப் பிடிச்சுக் கொண்டுபோய் விட்டுருதோம்."

அந்தச் சனிக்கிழமை அவள் உலகநாதனுக்குப் போன் போட்டாள். நாளைக்கு வராதீங்க, தெருவுக்கு வாய் நீண்டுபோச்சு என்றாள். "நீண்டா என்ன, கேட்டுட்டு நடப்போம். ஒரு வாரம் வராம இருக்க என்னால முடியாது" என்றான். பக்கத்தில் அம்மா இருக்கும்போதே அதைச் சொன்னான், அந்த அளவுக்கு அவனுக்குத் துணிச்சல் வந்திருந்தது. செண்பகமும் மேற்கொண்டு தடுக்கவில்லை, அவளுக்கும் அவன் வர வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பிச்சம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தாள். செண்பகம் மாவு மில் பக்கம் நின்றிருந்தாள். உலகநாதன் கையை விடுவித்துக்கொண்டு "பார்" என்றான். தெரு தொடங்கியது. அவன் நின்று கேட்டான், வரலாற்று வித்தகர் என்று தன் பெயருக்கு முன்னால் வந்ததும் சிரித்தான், செண்பகவல்லி என்ற பெயர் வந்ததும் அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள் என்று அதுவே சொன்னதாக எடுத்துக்கொண்டு, பழகிய வழிதானே என்று காலை எடுத்து வைத்தான். "நில்லுங்க" என்று கத்தினாள் செண்பகம், குழி இருப்பது தெரிந்து இல்லை, சும்மா நெஞ்சு திடுக்கிட்டு. அந்தக் கத்தலுக்கு மேலே அரிசி மாவு வேந்தரையும் அஞ்சல் துறை அன்பரையும் விளித்துக்கொண்டிருந்தது தெரு. கோமதிநாயகம் கம்பம் நட்ட குழிக்குள் உலகநாதனின் கால் முழங்கால்வரை போய், உடம்பு முன்னால் விழுந்து, எலும்பு முறிந்த சத்தம் மில் வாசல் வரைக்கும் கேட்டது. அவன் கிடந்து துடிக்கும்போது தெரு நன்றி கூறி முடித்து, "முன்னால் குழி" என்றது.

கால் கூடியது, நேராகக் கூடவில்லை. அதன்பின் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் யாரும் வரவில்லை. கோமதிநாயகம் தெருவிலிருந்த அத்தனை குழிகளையும் தன் கையால் மண் போட்டு மிதித்து மூடினான். பிறகு தெருவின் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்லித் தருவது போல, "பார். முன்னால் கல். பார். முன்னால் சைக்கிள்" என்று தொண்டை கட்டும்வரை சொல்லிப் பார்த்தான். தெரு பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொண்டு, "ஒலிபெருக்கி வேந்தர், தங்கையைத் தாங்கும் தங்கக் கரத்தார், கோமதிநாயகம் அவர்களே" என்று தொடங்கியது. அவன் காதைப் பொத்திக்கொண்டு அழுதான். டீக்கடையில் இருந்தவர்கள் பட்டம் கேட்டு நெகிழ்ந்து அழுகிறான் என்று நினைத்தார்கள்.

ஒருநாள் சாத்தூருக்கே போய்ப் பிச்சம்மாள் வீட்டு வாசலில் நின்றான்.

"அக்கா, தப்பு என் மேலதான். உங்களுக்குச் சிரமமே வேண்டாம். நானே வந்து மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போறேன், நானே கொண்டாந்து விடுதேன். ரெண்டும் பேசட்டும்."

"நீ ஒரு பக்கம் நின்னுக்கிட்டு, நான் ஒரு பக்கம் நின்னுக்கிட்டு, அதுக என்னத்தப் பேசும் தம்பி?" என்றாள் பிச்சம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. "எனக்கும் வயசாவுது. அதான் கண்ணு தெரிஞ்ச பிள்ளையாப் பாத்துட்டேன். அவன் கையைப் பிடிச்சுக்கிட ஒரு ஆள் வேணும்லா? ஐப்பசியில முகூர்த்தம் வச்சிருக்கு." உள்ளே உலகநாதன் இருந்தான். வெளியே வரவில்லை.

கோமதிநாயகம் திரும்பி வந்து இதைத் தங்கையிடம் எப்படிச் சொன்னான் என்று தெரியவில்லை. சொன்ன பிறகும் அவனுக்கு மனசு ஆறவில்லை. உலகநாதனின் பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டான், அவன் வீட்டுக்குப் போட்டான், கெஞ்சினான், கடைசியில் ஒருமுறை, ஒரே ஒருமுறை அவளோடு பேசு என்று அவனைச் சம்மதிக்க வைத்தான். சொன்ன நேரத்துக்குப் போன் வந்தது. "செண்பகம், அவருதான்" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு, ஏதோ பெரிய காரியத்தை முடித்த நிம்மதியில், அவள் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்தான்.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் செண்பகம்.

"ஆச்சு. நீங்க?"

"ஆச்சு. கால் எப்படி இருக்கு?"

"நடக்கேன்."

போனுக்குள் மின்விசிறி சுற்றும் சத்தமும், பிச்சம்மாள் இருமுவதும் கேட்டது.

"அம்மா பக்கத்துல இருக்காங்க" என்றான் உலகநாதன்.

"இங்கயும் அண்ணன் இருக்கான்."

"சரி."

"சரி."

அவள் போனைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் கோமதிநாயகத்துக்குச் சுரீர் என்று உறைத்தது. பாயிலிருந்து தடுமாறி எழுந்தான்.

"நான் வெளிய போயிருக்கணும்லா. ஏட்டி, நான் வெளிய போயிருக்கணும். இரு, மறுபடி போட்டுத் தாரேன். நான் கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வாறேன், நீ நல்லாப் பேசு."

"உக்காருண்ணே" என்றாள் செண்பகவல்லி. "பேசி முடிச்சாச்சு."